விடுமுறைக்கு ஆள் பிடிக்கிறவர்

என் வீட்டுக்காரர் மோகனசுந்தரத்துக்கு லாங் வீக்கெண்ட் வந்தால் ஒரு கிறுக்குப் பிடிக்கும். குடிக்கிற கிறுக்கு இல்லை, சீட்டாடுகிற கிறுக்கும் இல்லை. ஆள் பிடிக்கிற கிறுக்கு. சனிக்கிழமை காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு டொராண்டோவில் நம்மாட்கள் கடை வைத்திருக்கிற ஜெரார்ட் தெருவுக்குப் போய்விடுவார். அங்கே மளிகைக் கடையில் துவரம்பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வருகிற போகிற முகங்களை நோட்டம் விடுவார். எண்ணெய் தடவி வாரிய தலை, குளிருக்குக் காணாத மெல்லிசுக் கோட்டு, கையில் ஒரு பொட்டலம் மிளகாய்த்தூள் என்று யாராவது தென்பட்டால் போதும். "சார், நீங்க மெட்ராஸ் பக்கமா?" அவ்வளவுதான். மத்தியானம் அந்த ஆசாமி அஜின்கோர்ட்டில், பதினோராவது மாடியில், என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாம்பார் பிசைந்துகொண்டிருப்பார். மறுநாள் நயாகரா.

நயாகரா! அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? தண்ணீர் மேலேயிருந்து கீழே விழுகிறது. நேற்றும் விழுந்தது, நாளைக்கும் விழும். ஆனால் டொராண்டோவுக்கு வருகிற ஒவ்வொரு தமிழனையும் அதற்கு முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பாவிட்டால் அவன் கனடாவுக்கு வந்ததாகவே கணக்கில்லை போலிருக்கிறது. போகும்போது புளியோதரை கட்டுவது நான். வரும்போது காரில் வாந்தி எடுக்கிறவனுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பதும் நான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தானே வெட்டிவிட்ட அருவி மாதிரி விளக்கம் சொல்வது மட்டும் அவர்.

முன்பெல்லாம் இது எப்போதாவது நடக்கும், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவேன். நான் சொல்ல வந்தது எழுபத்தாறாம் வருஷத்துச் சங்கதி. அந்த வருஷம் இலையுதிர் காலத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு விடுமுறை விடாமல் என் வீடு சத்திரமாகிவிட்டது. எனக்கோ அந்த வருஷம்தான், ஒரே ஒரு விடுமுறையாவது அவரும் நானும் மட்டும் தனியாக இருக்க வேண்டியிருந்தது. அவரிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது.

ஆகஸ்டு கடைசியில் எனக்குக் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதம். உள்ளேயே உயிர் போய்விட்டது என்றார்கள். என்னை மயக்கிப் போட்டுத்தான் எடுத்தார்கள். கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது, பக்கத்தில் தொட்டில் இல்லை. ஒரு நர்ஸ் வந்து, நீ சின்னப் பெண்தானே, இன்னொன்று பெற்றுக்கொள்வாய் என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். அந்தக் காலத்தில் இங்கே அதுதான் வழக்கம். தாய் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று அவளுக்குக் காட்டவே மாட்டார்கள். தாயைக் கேட்டுவிட்டா இந்த முடிவுக்கு வந்தார்கள்?

அவர் வந்தார். "ஆணா, பொண்ணா?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "தயிர்சாதம் கொண்டாரட்டுமா அகிலா?" என்றார். திரும்பக் கேட்டேன். "மறந்துடு. டாக்டர் அப்படித்தான் சொல்றார்" என்றார். வீட்டுக்கு வந்தபின் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் உங்கள் கணவர் பார்த்துக்கொண்டார், அவரையே கேளுங்கள் என்றாள் ஒருத்தி, மிகவும் மரியாதையாக.

ஆணா, பெண்ணா? எங்கே வைத்தீர்கள்? இரண்டே இரண்டு கேள்வி. வேலை நாளில் கேட்க வழியில்லை, சாதாரண சனி ஞாயிறுகூட அவருக்கு ஓவர்டைம்தான். இருட்டோடு ஒஷாவாவில் இருக்கிற கார் தொழிற்சாலைக்குக் கிளம்பிப் போவார், இருட்டினபின் வருவார், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவார். தூங்கினாரோ, நான் வாயைத் திறப்பதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாரோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். விடுமுறை வரட்டும், உட்காரவைத்துக் கேட்டுவிடலாம் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதலில் வந்தது லேபர் டே. தொழிலாளிக்கு ஓய்வு கொடுக்கிற நாளாம் அது. நல்லது. அந்தச் சனிக்கிழமை எங்கேயோ வெளியே போனவர் திரும்பும்போது ராஜசேகரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோயம்புத்தூர்ப் பையன், பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு, பார்க்க நோஞ்சான், சாப்பிட உட்கார்ந்தால் பீமன். "பூரி கிடைக்குமாக்கா?" என்றான், கூச்சப்படுகிறவன் போல நெளிந்துகொண்டு. எனக்கு அப்போது பால் கட்டி மார்பு கல்லாகக் கனத்துக் கிடந்தது. துணியை இறுக்கிக் கட்டிக்கொள், தானாக வற்றிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியே கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று பூரி தேய்த்தேன். துணி நனைந்துகொண்டே இருந்தது. ஹாலில் அவர் அந்தப் பையனுக்கு நயாகராவின் உயரத்தை அடிக்கணக்கில் விளக்கிக்கொண்டிருந்தார். பூரிக்கட்டையைக் கொண்டுபோய் அவர் மண்டையில் ஒன்று வைக்கலாமா என்று எனக்கு நிஜமாகவே தோன்றியது.

அடுத்தது அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங். இந்த ஊர்க்காரர்கள் அந்த வாரம் இலை பார்க்கப் போவார்கள். ஆமாம், இலை பார்க்கத்தான். மரத்திலே இலை சிவக்கிறது, உதிர்கிறது என்று பெட்ரோல் போட்டுக்கொண்டு காடு காடாகப் போவார்கள். நம் ஊரில் இலை உதிர்ந்தால் விளக்குமாற்றைத் தேடுவோம். அந்த ஆரவாரத்தில் நமக்கென்ன என்று நான் இருக்க, பக்கத்து ஊரான மார்க்கமிலிருந்து இரண்டு குடும்பங்களைச் சாப்பிட அழைத்துவிட்டார். இந்த ஊர்க்காரர்கள் அன்றைக்குச் சமைக்கிற வான்கோழிக்குப் பதிலாக எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு. குழம்பு கொதிக்கையில் அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "இவங்க போனதும் நான் உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றேன். தலையாட்டினார். தலையாட்டிவிட்டு ஹாலுக்குப் போய், "என்ன, இப்பவே கிளம்பி இலை பாத்துட்டு வந்துடலாமா?" என்று நாலு பெரியவர்களையும் மூன்று குழந்தைகளையும் கிளப்பிவிட்டார். இருட்டியபின் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பாழாய்ப்போன சிவப்பு இலைகளில் ஒரு கொத்தை எனக்கென்று கொண்டுவந்து நீட்டினார்.

அப்புறம் தீபாவளி. தீபாவளி இங்கே யாருக்கு விடுமுறை? அந்த வருஷம் வெள்ளிக்கிழமை வந்தது, அவர் வேலைக்குப் போனார். ஆனால் இங்கே நம்மாட்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்களே, எந்தப் பண்டிகை எந்தக் கிழமையில் வந்தாலும் அதைப் பிடித்து ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நரகாசுரனே இந்த ஊரில் செத்திருந்தால் வார இறுதி பார்த்துத்தான் செத்திருக்க வேண்டும். "இந்த வருஷம் நமக்குத் தீபாவளி கிடையாதுங்க" என்று நான் சொன்னேன்.

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அதுக்கெல்லாம் தீட்டு கிடையாது அகிலா. பெரியவங்க அப்படித்தான் வச்சிருக்காங்க" என்றார். வழக்கம் அதுதான், எனக்கும் தெரியும். தெரிந்தால் வலிக்காதா? ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு மைசூர்பாகு கிளறினேன். ஒரு டஜன் பேர் வந்தார்கள். அதில் ஒரு அம்மாள், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா, கல்யாணமாகி வருஷம் ஆகுதே, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டாள். சபை நடுவில் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து இவர், "இப்போதைக்கு ஒண்ணும் இல்லீங்க. மைசூர்பாகு எடுத்துக்கங்க" என்றார். ஒன்றும் இல்லையாம். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே ராஜசேகரன் கதவைத் தட்டி, "அக்கா, இன்னும் நாலு முறுக்கு எங்க இருக்கு?" என்றான்.

ஹாலோவீன் அன்றைக்கு விருந்தாளி இல்லை. அதிசயம்தான். பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற நாள். எல்லா மாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மிட்டாய் வாங்கிவைத்துவிட்டு, சாயங்காலம் அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். எதிரில் உட்கார்ந்தேன். "என்னங்க, அன்னைக்கு ஆஸ்பத்திரியில..." என்று ஆரம்பித்தேன். டிங்டாங். எழுந்து ஓடினார். மிட்டாய் போட்டுவிட்டு வந்தார். "நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க..." டிங்டாங். மறுபடி ஓட்டம். மூன்றாவது தடவை போனவர் திரும்பி வரவே இல்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார், வருகிற பிள்ளைகளையெல்லாம் வேலை மெனக்கெட்டு, நீ என்ன பேய், உன் பேரென்ன என்று விசாரித்துக்கொண்டு. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரத் தாய், கைக்குழந்தைக்குப் பூசணிக்காய் மாதிரி ஆரஞ்சுத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பல் முளைக்காத குழந்தைக்கு எதற்கு மிட்டாய்? இவர் கூடையில் இருந்ததில் பாதியை அள்ளி அந்தத் தாயின் பையில் கொட்டிக்கொண்டிருந்தார். நான் படுக்கையறைக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டேன்.

டிசம்பர் வந்ததும் ஊரே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைக்குப் போனால் பாட்டு, லிஃப்டில் ஏறினால் பாட்டு, பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னாலும் தலைக்கு மேல் பாட்டு. அந்த வருஷத்துக் குளிர் மூக்கின் உள்ளே முடியெல்லாம் உறைகிற குளிர். ஆனாலும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஏனென்றால் நான் கணக்குப் போட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு இந்த ஊரில் ஈ காக்கை இருக்காது. ஜெரார்ட் தெருவில் கடை கிடையாது, சினிமா கிடையாது. ஆள் பிடிக்க இடமே கிடையாது. இந்த மனிதர் எங்கே போவார்?

முந்தின வாரமே வாக்கு வாங்கினேன். "கிறிஸ்துமசுக்கு யாரும் வேண்டாம். நீங்களும் நானும் மட்டும். சரியா?"

"சரி."

"என் மேல சத்தியமா?"

"சரின்னு சொல்லிட்டேன்ல" என்றார். சத்தியம் மட்டும் பண்ணவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் காலையில் எழுந்து குளித்து, அவருக்குப் பிடிக்குமே என்று வெண்பொங்கல் வைத்தேன். பில்டர் காப்பி போட்டேன். கேட்க வேண்டியதை மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, "கார் பேட்டரி உறைஞ்சிருக்கும், கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி வச்சுட்டு வந்துடறேன்" என்றார். போனவர் போனவர்தான். பொங்கல் இறுகிப்போனது. கடைசியில் கதவு திறந்தது. முதலில் ராஜசேகரன் உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் நான் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு மனிதர், காது வரைக்கும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, புருவமெல்லாம் பனியாக. அதற்கும் பின்னால் என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு.

"பாவம் அகிலா. ராஜசேகரனுக்கு ஹாஸ்டல்ல மெஸ் மூடிட்டாங்க. இவரு கனகலிங்கம், யாழ்ப்பாணம். லண்டன்லேர்ந்து புதுசா வந்திருக்காரு. ஷெப்பர்ட் ரோட்ல பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தாரு. இவருக்கு நயாகரா பாக்கணுமாம்."

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார் கனகலிங்கம் பதறிப்போய். "நான் பஸ்ஸுக்குத்தான் நிண்டனான், தங்கச்சி. உவர்தான் வந்து காரிலை ஏறச் சொன்னவர்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நடுத்தெருவில் பஸ்ஸுக்கு நின்ற மனிதனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்! போலீஸில் சொன்னால்கூட நம்பமாட்டார்கள். "பொங்கல் சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன். கனகலிங்கம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்குக் கரைச்சல் குடுத்திட்டம் போலை" என்றார். நல்ல மனிதர், என் முகத்தை ஒரு பார்வையில் படித்துவிட்டார். கட்டிய புருஷனுக்குத்தான் அது முடியவில்லை.

வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் இன்றைக்கு விட்டால் அடுத்தது நியூ இயர், அப்புறம் பொங்கல், அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்கும் ஒரு கூட்டம். என் ஆயுசு முழுக்க இந்த மனிதர் ஆள் பிடித்துக்கொண்டே இருப்பார், நான் கேட்காமலேயே செத்துப்போவேன் என்று பட்டது. பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன். நெடுஞ்சாலையில் எங்கள் பழைய டாட்ஜ் காரைத் தவிர ஒரு வண்டி இல்லை. ஏரி ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. நயாகராவின் உயரம், அகலம், நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் அவர் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் கனகலிங்கம், "ஓம்... ஓம்..." என்று யாழ்ப்பாணத்து ஆமாம் போட்டுக்கொண்டு வந்தார்.

அருவிக்கு எதிரே காரை நிறுத்தினார். வேறு ஒரு மனித ஜீவன் இல்லை. பிள்ளை குட்டிகளோடு வீட்டில் உட்கார்ந்து பரிசு பிரிக்கிற நாளில் யார் வருவார்கள் இங்கே? அருவியின் சாரல் பறந்து வந்து கைப்பிடிக் கம்பி, விளக்குக் கம்பம், மரம் எல்லாவற்றின் மேலும் உறைந்து தடித்துப்போயிருந்தது. ராஜசேகரன் கேமராவோடு குதித்து இறங்கினான். கனகலிங்கம் கழுத்துத் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வேண்டாவெறுப்பாக இறங்கினார். ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டபடியே இவரும் கதவுக் கைப்பிடியில் கை வைத்தார்.

"உக்காருங்க" என்றேன்.

"அவருக்குக் காட்டிட்டு..."

"அருவியைக் காட்ட ஆள் வேணுமா? அது அங்கதான் இருக்கு. அவருக்குக் கண்ணு இருக்கு. உக்காருங்க." பின்பக்கம் திரும்பி இரண்டு கதவுகளின் பூட்டையும் அழுத்தினேன். என் பக்கத்துப் பூட்டையும் அழுத்தினேன். "இறங்குனீங்கன்னா நான் காரை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே அகிலா."

"அதனாலதான் சொல்றேன்."

கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்தார். முன் கண்ணாடியில் சாரல் விழுந்து விழுந்து உறைந்துகொண்டிருந்தது. வெளியே இருந்த இரண்டு பேரும் மங்கலாகத் தெரிந்தார்கள். வீட்டில் நாலு தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

"ஆணா, பொண்ணா?"

தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை, விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"பொண்ணு" என்றார்.

"எங்க வச்சீங்க?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? என்னங்க பேச்சு இது?"

"தெரியாது அகிலா. நாங்களே எல்லாம் பாத்துக்கறோம்னாங்க. சரின்னேன். எங்கன்னு கேக்கத் தோணல. எனக்கு அப்ப ஒண்ணுமே தோணல. நீ வீட்டுக்கு வந்தப்பறம் கேட்டுட்டு வரலாம்னு போனேன். லேபர் டே சனிக்கிழமை. அந்த ஆபீசு மூடியிருந்துச்சு, செவ்வாக்கிழமை வாங்கன்னு போர்டு தொங்குது." மூச்சு விட்டுக்கொண்டார். "வீட்டுக்கு வந்தா நீ கேப்பே. எம் புள்ளைய எங்க போட்டாங்கன்னு எனக்கே தெரியலன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? ஜெரார்ட் தெருவுல காரை நிறுத்திட்டுச் சும்மா நின்னேன். அங்க அந்தப் பையன் பருப்பு வாங்கிட்டிருந்தான். வாப்பா வீட்டுக்குன்னு கூட்டிட்டு வந்துட்டேன்."

"செவ்வாக்கிழமை போனீங்களா?"

"போகல."

"அதுக்கப்பறம்?"

"தைரியம் வரல."

நான்கு மாதமாக என் அடுப்படியில் எத்தனை பேர், எத்தனை சாம்பார், எத்தனை பூரி! இந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பயந்துகொண்டு ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் கொண்டுவந்து எனக்கும் அவருக்கும் நடுவில் உட்காரவைத்திருக்கிறார். கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அதற்குள் வேறு ஒன்று உறைத்தது.

"பொண்ணுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சொன்னாங்களா?"

"பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"நர்ஸு துணில சுத்திக் கொண்டாந்தா. வேணுமான்னு கேட்டா. கையில வாங்கிக்கிட்டேன்."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. கையுறையோடு அவர் தோளில் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். கம்பளிக் கையுறை, கம்பளிக் கோட்டு, சத்தமே வரவில்லை. எட்டு மாதம் சுமந்தவள் நான். வாந்தி எடுத்தவள் நான், உதை வாங்கியவள் நான். என்னை மயக்கிப் போட்டுவிட்டு இவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். இவர் வாங்கியிருக்கிறார். வாங்கிவிட்டுத் திருப்பியும் கொடுத்துவிட்டு, எனக்குத் தயிர்சாதம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். "நான் பாக்கல! நான் பாக்கலையே!" என்று கத்தினேன். அவர் தடுக்கவில்லை. எனக்கு அவர் மேல் இருந்தது கோபம்கூட இல்லை, பொறாமை. உடம்பெல்லாம் எரிகிற பொறாமை.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணாடியைத் தட்டினார்கள்.

ராஜசேகரன் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கனகலிங்கம் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு குதித்தார். "தங்கச்சி, கை காலெல்லாம் விறைச்சுப் போச்சு. கதவைத் திறவுங்கோ."

இவருடைய கை தானாகப் பின்பக்கத்துப் பூட்டை நோக்கிப் போனது. "பாவம் அகிலா, குளிருது அவங்களுக்கு" என்றார். என் முகமெல்லாம் நனைந்து கிடக்கிறது, அப்போதும் இவருக்கு விருந்தாளிதான் முக்கியம்! அந்தக் கையைப் பிடித்து அவர் மடியிலேயே திருப்பி வைத்தேன். என் பக்கத்துக் கண்ணாடியைப் பாதிக்கு இறக்கி, காப்பி பிளாஸ்கை வெளியே நீட்டினேன்.

"தம்பி, இதைக் குடிச்சுட்டு இன்னொரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க."

"பாத்தாச்சுக்கா" என்றான் ராஜசேகரன், பல் கிடுகிடுக்க. "போட்டோவும் எடுத்தாச்சு."

"அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கல. அந்தப் பக்கம் போய்ப் பாருங்க."

"அங்கேர்ந்தும் இதே தண்ணிதானேக்கா?"

நான்கு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை அவன் எனக்குச் சொல்கிறான். கனகலிங்கம் குனிந்து உள்ளே பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிளாஸ்கை வாங்கிக்கொண்டு ராஜசேகரனின் முழங்கையைப் பிடித்தார். "வாரும் தம்பி, அங்காலை போவம். நான் வடிவாப் பாக்கேல்லை" என்றார். இருவரும் பனியில் வழுக்கி வழுக்கி நடந்து போனார்கள். கண்ணாடியை ஏற்றினேன்.

"சொல்லுங்க" என்றேன்.

"என்னத்த சொல்ல?"

"முடி இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார். "நிறைய. நெத்தி வரைக்கும்."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு."

"யாரு ஜாடை?"

"தெரியல. வாய் உன்னோடது. கீழுதடு இப்படி..." என்று ஆரம்பித்தவரால் மேலே சொல்ல முடியவில்லை. விசும்பி விசும்பி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். இன்னும் எனக்குத் தெரிய வேண்டியது இருந்தது.

"எப்படிப் பிடிச்சிருந்தீங்க? காட்டுங்க."

கையுறைகளைக் கழற்றினார். இடது கை தலைக்கு, வலது கை உடம்புக்கு. இரண்டையும் ஸ்டீயரிங்குக்கும் மடிக்கும் நடுவில் சேர்த்து வைத்தார். இவ்வளவுதான் இருந்தாள் என் பெண், ஒரு முழம்கூட இல்லை.

"எடுத்துடாதீங்க, அப்படியே வச்சிருங்க" என்றேன்.

என் கையுறைகளையும் கழற்றிவிட்டு, அவர் கைகளுக்கு அடியில் என் இரண்டு கைகளையும் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.